லங்காஸ்டரின் ஏழு பேர்: இரவுக்கு 5 சதவீத இழப்பு என்றால் 30 பறப்பு எப்படி முடிந்தது?

கணக்குவழக்கு · ஜனவரி 9, இரவு 10.12
இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவான பாம்பர் கமாண்டில் ஒரு 'டூர்', அதாவது ஒரு பணிச்சுற்று, என்றால் 30 பறப்பு. அதன் முக்கிய விமானம் லங்காஸ்டர்: நாலு இன்ஜின், ஏழு பேர். ஒரு இரவில் போகிற விமானங்களில் 5 சதவீதம் திரும்பவில்லை என்கிறார்கள். நூறை ஐந்தால் வகுத்தால் இருபது. இருபதாவது இரவோடு மொத்த ஸ்குவாட்ரனும் (விமான அணியும்) காலியாகியிருக்க வேண்டும். ஒன்று 5 பொய், இல்லை 30 பொய். இன்னொன்றும் கேட்கிறேன்: வாலில் உட்காரும் கன்னர் (துப்பாக்கிக்காரர்) தான் முதலில் சாவார் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. நிஜமா, கட்டுக்கதையா?

மெர்லின்20 · ஜனவரி 9, இரவு 10.55
இரண்டும் பொய்யில்லை. வகுத்தது தப்பு, பெருக்க வேண்டும். ஒரு இரவு பிழைக்க வாய்ப்பு 0.95. அதை முப்பது தடவை பெருக்கினால் 0.215. நூறு பேர் தொடங்கினால் 21, 22 பேர் முடிப்பார்கள். இழப்பு 4 சதவீதமானால் 29 பேர், 3 என்றால் 40, 2 என்றால் 55, 1 என்றால் 74. ஒரே ஒரு சதவீதத்தில் எத்தனை உயிர் தொங்குகிறது பாருங்கள்.

உங்கள் இருபதிலும் ஒரு உண்மை இருக்கிறது. இருபது இரவில் ஸ்குவாட்ரன் தன் முழு பலத்துக்குச் சமமான விமானங்களை இழந்துவிடும். ஆனால் காலியான இடத்துக்கு மறுநாளே புதுக் குழு வந்துவிடும். அதனால் ஸ்குவாட்ரன் அப்படியே இருக்கும், ஆட்கள்தான் வேறு.

கூவம்கரை · ஜனவரி 9, இரவு 11.30
மொத்தக் கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். பறப்புப் பணியாளர்கள் சுமார் 1,25,000 பேர், அத்தனை பேரும் தாங்களாக முன்வந்தவர்கள். இறந்தவர்கள் 55,573. காயமடைந்தவர்கள் 8,403. சிறைப்பட்டவர்கள் 9,838. இறப்பு விகிதம் 44 சதவீதத்துக்கு மேல்.

கணக்குவழக்கு · ஜனவரி 10, காலை 7.05
44 சதவீதம் இறந்தார்கள் என்றால் 56 சதவீதம் பிழைத்தார்கள். மெர்லின் 21 என்கிறார். இடிக்கிறதே?

மெர்லின்20 · ஜனவரி 10, காலை 8.40
எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பது வேறு. அந்த 1,25,000-க்குள் போர் முடியும்போது பயிற்சியில் இருந்தவர்கள், ஒரு தடவைகூட எதிரி மண்ணுக்கு மேல் போகாதவர்கள் எல்லோரும் அடக்கம். களத்துக்குப் போகிறவனை மட்டும் பின்தொடர்ந்தால் படம் மாறும். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒரு கணக்கு இருக்கிறது. பயிற்சியின் கடைசிப் படியில் சேர்கிற நூறு பேரில் 51 பேர் பறப்பில் சாவு, 9 பேர் இங்கிலாந்திலேயே விபத்தில் சாவு, 3 பேருக்குப் பலத்த காயம், 12 பேர் கைதி, ஒருவர் பிடிபடாமல் தப்பி வருவார், 24 பேர் சேதாரம் இல்லாமல் வீடு.

அந்த ஒன்பதைத் தாண்டிப் போகாதீர்கள். பயிற்சியிலும் விபத்திலும் மட்டும் 8,000-க்கும் மேல் செத்தார்கள். சண்டைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய தேய்ந்த விமானங்கள்தான் பயிற்சிக்கு வந்தன. ஓட்டுபவரும் புதுசு, இயந்திரம் மட்டும் பழசு.

இடதுவெளி · ஜனவரி 10, மதியம் 1.20
5 சதவீதம் என்பது எல்லா இரவுக்கும் பொருந்தாது. 1943 நவம்பர் முதல் 1944 மார்ச் வரை பெர்லினைக் குறிவைத்த மாதங்களில் அதற்கும் மேலே போனது. 1944 மார்ச் 30-31 இரவு நியூரம்பெர்க்: போனவை 795, விழுந்தவை 95. அரை நிலா வெளிச்சம், ஜெர்மனிக்குள் 265 மைல் ஒரே நேர்கோடு, விமானங்களுக்குப் பின்னால் வெள்ளைப் புகைக்கோடு. பாதையைத் தேடவேண்டிய வேலைகூட எதிரிக்கு இல்லை.

30 என்பதும் எப்போதும் 30 இல்லை. வழிகாட்டிப் படையான பாத்ஃபைண்டருக்கு ஒரே மூச்சில் 45. மற்றவர்களுக்கு 30, பிறகு ஆறு மாதம் பயிற்சி கொடுக்கும் வேலை, அப்புறம் இரண்டாவது டூர் 20. 1944 வசந்தத்தில் இன்னொரு வேடிக்கை: பிரான்ஸ் இலக்கு சுலபம் என்று சொல்லி, அங்கே போய்வந்தால் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கு என்றார்கள். மே 3-4 இரவு மாயி-லெ-காம்ப் ராணுவ முகாமுக்குப் போன 346 லங்காஸ்டரில் 42 திரும்பவில்லை. 12 சதவீதம் கிட்ட. மூன்றில் ஒரு பங்கு உயிரை எப்படி விடுவது என்று யாரும் விளக்கவில்லை. அந்த விதி அதோடு போயிற்று.

இடதுவெளி · ஜனவரி 10, இரவு 9.45
இப்போது வால் கன்னர் கேள்வி. விமானம் விழுந்தால் பெரும்பாலும் ஏழு பேருமே போனார்கள். அதனால் "யார் முதலில்" என்று கேட்பதைவிட "யாரால் வெளியே வர முடிந்தது" என்று கேட்டால் பலன் உண்டு.

வால் கன்னர் உட்காரும் சுழலும் துப்பாக்கிக் கூண்டு நேர் பின்னால் பார்த்தபடி இருந்தால்தான் அதன் முதுகுக் கதவும் விமான உடலின் கதவும் நேருக்கு நேர் வரும். மார்பில் மாட்டும் பாராசூட் பொதியைக் கூண்டுக்குள் வைக்க இடம் கிடையாது. வெளியே உடல்பகுதிச் சுவரில் ஒரு தட்டில் இருக்கும். "குதி" என்று இன்டர்காமில் வந்ததும் கூண்டை நேராக்க வேண்டும், கதவைத் தள்ள வேண்டும், பின்னால் கை நீட்டிப் பொதியை எடுத்து மார்புக் கொக்கி இரண்டிலும் மாட்ட வேண்டும், இன்டர்காம் ஒயர், ஆக்சிஜன் குழாய், மின்சூட்டு உடுப்பின் ஒயர் மூன்றையும் பிடுங்க வேண்டும், கூண்டைக் கடைசிவரை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். அப்போது முதுகு வெளிக்காற்றைப் பார்த்திருக்கும். அப்படியே மல்லாந்து விழ வேண்டும். இதெல்லாம் அடுக்கடுக்கான உடுப்போடு, கையுறையோடு, மைனஸ் 40 குளிரில், விமானம் சுழலும்போது.

எங்கே சிக்கும்? கூண்டைத் திருப்புவது ஹைட்ராலிக் அழுத்தம். அந்த பம்ப்பை ஓட்டுவது இடது வெளி இன்ஜின். அந்த ஒரு இன்ஜின் நின்றால் கூண்டு செத்தது. அப்புறம் கையால் சுற்றும் கைப்பிடிதான்.

(ஆமாம், என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான்.)

கூவம்கரை · ஜனவரி 11, காலை 6.30
இதற்கு மைனார்ஸ்கி சாட்சி. கனடாவின் 419-வது ஸ்குவாட்ரன், 1944 ஜூன் 12-13 இரவு, இலக்கு காம்ப்ரே. இடதுபக்க இன்ஜின் இரண்டும் அடிபட்டன, ஹைட்ராலிக் போயிற்று, வால் கன்னர் பிராஃபியின் கூண்டு பாதியில் நின்றது. விமானத்தின் நடுவில் மேற்கூண்டில் இருந்த கன்னர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி பின்கதவில் குதிக்க நின்றவர், தீக்குள் தவழ்ந்து திரும்பிப் போனார். கோடரியால் அடித்தார், வெறுங்கையால் இழுத்தார். உடுப்பு பற்றிக்கொண்டது. "போ" என்று பிராஃபி கைகாட்டிய பிறகே திரும்பினார், எரிகிற உடுப்போடு சல்யூட் வைத்துவிட்டுக் குதித்தார், தீக்காயத்தில் இறந்தார். விமானம் தரையில் மோதியதில் பிராஃபி தூக்கி வீசப்பட்டுப் பிழைத்தார். அந்த சல்யூட் வெளியுலகுக்குத் தெரிந்ததே அவர் பிழைத்ததால்தான். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு 1946-ல் அறிவிக்கப்பட்டது.

கணக்குவழக்கு · ஜனவரி 11, காலை 9.10
அப்போ வால் கன்னரைத் தவிர மற்றவர்களுக்குச் சுலபமா?

மெர்லின்20 · ஜனவரி 11, மாலை 6.15
அதுதான் இல்லை. லங்காஸ்டரின் பிரதான வெளியேறும் வழி மூக்கின் தரையில் இருக்கும் மூடி. குண்டு குறிபார்ப்பவர் அதன் மேல்தான் படுத்திருப்பார். முதலில் அவர், பிறகு ஃபிளைட் இன்ஜினியர், நேவிகேட்டர், வயர்லெஸ் ஆள், கடைசியில் பைலட். மூடியை வெளியே தள்ள முடியாது: விடுவித்து, உள்பக்கம் தூக்கி, சாய்த்து, அந்த ஓட்டை வழியாகவே கீழே போட வேண்டும். அது சாய்ந்து சிக்கிக்கொண்டால் பின்னால் நாலு பேர் வரிசை.

ஓட்டையின் அகலம் 22 அங்குலம். இன்னொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான ஹாலிஃபாக்ஸில் 24. பாம்பர் கமாண்டின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்த ஃப்ரீமன் டைசன், பின்னாளில் பெரிய இயற்பியலாளர், இதைப் பற்றி மனம் கசந்து எழுதியிருக்கிறார். அவர் தரும் கணக்கில், சுட்டு வீழ்த்தப்பட்டவர்களில் உயிரோடு வெளியேறியவர்கள் அமெரிக்கப் பகல்நேர விமானங்களில் ஏறக்குறைய பாதி, ஹாலிஃபாக்ஸ், ஸ்டர்லிங்கில் நான்கில் ஒரு பங்கு, லங்காஸ்டரில் 15 சதவீதம். பாராசூட் பொதியோடு ஒரு ஆள் நுழைய இரண்டு அங்குலம் எவ்வளவு பெரிது என்று காகிதத்தில் 22-ம் 24-ம் வரைந்து பார்த்தாலே தெரியும்.

இடதுவெளி · ஜனவரி 11, இரவு 10.20
மெர்லின் சொன்னதோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். முழுப் பழியையும் மூடி மேல் போடக்கூடாது. ஹாலிஃபாக்ஸில் நேவிகேட்டரின் இருக்கைக்குக் கீழேயே மூடி; இருக்கையை மடக்கினால் ஆயிற்று. லங்காஸ்டரில் நடு உடலைக் குறுக்கே வெட்டும் இறக்கைத் தண்டு இடுப்புயரத் தடுப்பாக நிற்கும், விமானம் நிலத்தில் நிற்கும்போதே அதைத் தாண்டுவது சிரமம். பின்னால் வலதுபக்கக் கதவு உண்டு, அதில் குதித்தால் வாலின் கிடை இறக்கையில் மோதும் ஆபத்து. அமெரிக்கக் கணக்கில் பகல் வெளிச்சமும் சேர்கிறது.

இன்னொரு பக்கம்: லங்காஸ்டர் பழைய ஹாலிஃபாக்ஸைவிடக் குறைவாகவே விழுந்தது, அதிக உயரத்தில் அதிக எடை தூக்கியது. எதில் ஏற விருப்பம் என்று குழுக்களைக் கேட்டால் பலர் லங்காஸ்டர் என்பார்கள். தப்பித்தவர் விகிதத்தை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

கூவம்கரை · ஜனவரி 12, காலை 7.50
கூண்டுக்கு வெளியே பாராசூட் என்பதற்கு இன்னொரு முகம் நிக்கோலஸ் ஆல்கெமேட். 115-வது ஸ்குவாட்ரன் வால் கன்னர், 1944 மார்ச் 24-25 இரவு, பெர்லினிலிருந்து திரும்பும் வழி. கதவைத் திறந்தால் தட்டில் பாராசூட்டே எரிகிறது. எரிந்து சாவதைவிட விழுந்து சாகலாம் என்று 18,000 அடியிலிருந்து குதித்தார். ஃபிர் மரக்கிளைகளும் பனியும் தாங்கின. சுளுக்கு, சிராய்ப்புகளோடு பிழைத்தார். உன் பாராசூட் எங்கே என்று விசாரித்த ஜெர்மன்காரர்கள் அவர் சொன்னதை நம்பவில்லை. விழுந்த விமானத்துக்குள் பாராசூட்டின் எரிந்த மிச்சத்தைப் பார்த்த பிறகே நம்பினார்கள்.

கணக்குவழக்கு · ஜனவரி 12, காலை 8.02
இவரை எந்த சதவீதத்தில் சேர்ப்பது?

மெர்லின்20 · ஜனவரி 12, காலை 8.30
அந்த நூறில் 12 கைதிகளோடு.

இடதுவெளி · ஜனவரி 13, இரவு 9.00
இந்த இழையின் மையத்துக்கு வருவோம். டைசன் ஒரு கேள்வியைத் தோண்டினார்: அனுபவம் கூடக்கூட ஒரு குழு பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறதா? ஸ்குவாட்ரன்களில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள், முதல் ஐந்து பறப்பைத் தாண்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று. 1944-ல் எண்கள் அப்படிச் சொல்லவில்லை. புதுக் குழுவும் இருபதைத் தாண்டிய குழுவும் ஒரே விகிதத்தில் விழுந்தன. அப்படியென்றால், கெட்டிக்காரத்தனம் எதுவும் செல்லாத ஏதோ ஒன்று அவர்களைக் கொல்கிறது என்று அர்த்தம்.

அது மேல்நோக்கிச் சாய்த்து வைத்த பீரங்கி. 1943 கோடையிலிருந்து மெசர்ஷ்மிட் 110, யுங்கர்ஸ் 88 எனும் ஜெர்மன் இரவு வேட்டை விமானங்களின் முதுகில் 20 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டு, 70 டிகிரி அளவில் மேலே பார்த்தபடி. குண்டுவீச்சு விமானத்தின் அடியில் நுழைந்து, வேகத்தைச் சமப்படுத்தி, உடலை விட்டுவிட்டு இரண்டு இன்ஜினுக்கு நடுவில் இறக்கையைச் சுடுவார்கள். உடலில் சுட்டால் குண்டு வெடித்து இருவருமே போவார்கள். இறக்கையில் பெட்ரோல். லங்காஸ்டரில் ஒவ்வொரு இறக்கையிலும் மூன்று டாங்கு: உள்ளே 580 காலன், நடுவில் 383, வெளியே 114. இருபக்கமும் சேர்த்து 2,154. ஒளிரும் தோட்டாவும் கிடையாது, அதனால் பக்கத்து விமானத்திலிருந்து பார்ப்பவருக்குச் சுட்டதே தெரியாது.

லங்காஸ்டரின் எட்டு இயந்திரத் துப்பாக்கியில் ஒன்றும் நேர் கீழே பார்க்காது. ஆரம்பத்தில் சிலவற்றில் வயிற்றுக் கூண்டு இருந்தது, கழற்றினார்கள். அந்த இடத்தில் பின்னர் தரையைக் காட்டும் எச்2எஸ் ரேடாரின் மூடி வந்து உட்கார்ந்தது.

கூவம்கரை · ஜனவரி 13, இரவு 9.40
குழுக்களை பயமுறுத்த ஜெர்மானியர் 'ஸ்கேர்குரோ' என்ற வெடிகுண்டு சுட்டதாகப் படித்தேன், வானில் ஒரு விமானம் சிதறுவதுபோலவே காட்டுமாம்.

இடதுவெளி · ஜனவரி 13, இரவு 10.05
அப்படி ஒரு குண்டே இருந்ததில்லை. அவர்கள் பார்த்தது நிஜமாகவே சிதறிய விமானங்களைத்தான். பொம்மைக் குண்டு என்று நம்பியது மனசுக்கு இதம், உண்மையான காரணத்தைத் தேடுவதற்கு இடைஞ்சல்.

மெர்லின்20 · ஜனவரி 14, மாலை 5.30
ரேடார் கதையும் இதே மாதிரிதான். வாலில் 'மோனிகா' என்று ஒரு எச்சரிக்கைக் கருவி பொருத்தினார்கள், பின்னால் யாராவது வந்தால் கிளிக் சத்தம் கேட்கும். கூட்டத்தில் பறக்கும்போது நண்பன் வந்தாலும் அதே கிளிக். ஜெர்மானியர் 'ஃப்ளென்ஸ்பர்க்' என்ற கருவியை வைத்து மோனிகாவின் அலையைப் பிடித்தே பின்தொடர்ந்தார்கள். 1944 ஜூலை 13 அன்று ஒரு யுங்கர்ஸ் 88 வழிதவறி இங்கிலாந்தின் உட்பிரிட்ஜில் இறங்கியது. பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உடனே மோனிகாவைக் கழற்றினார்கள். காவலுக்கு வைத்த நாயே திருடனுக்கு வழிகாட்டியிருக்கிறது.

கருவியை நம்பாமல் கண்ணை நம்பிய கன்னர்கள் தங்கள் கூண்டின் நடுக்கண்ணாடியையே வெட்டி எடுத்துவிட்டார்கள். கூண்டின் பெர்ஸ்பெக்ஸில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில்) ஒரு எண்ணெய்ப் பொட்டு இருந்தால் இருட்டில் அது விமானம்போலத் தெரியும். நல்ல பார்வைக்கு விலை அந்த மைனஸ் 40 காற்று நேரே முகத்தில். ஆக்சிஜன் குழாயில் மூச்சின் ஈரம் உறையும். அவ்வப்போது கையால் நசுக்கிப் பனியை உடைக்க வேண்டும். மறந்தால் சத்தமில்லாமல் மயக்கம். பைலட் சிறிது நேரத்துக்கொரு தடவை ஒவ்வொருவரையும் இன்டர்காமில் கூப்பிட்டுப் பார்ப்பது பேச்சுத்துணைக்கு இல்லை.

கணக்குவழக்கு · ஜனவரி 14, இரவு 8.15
கன்னர் "கார்க்ஸ்க்ரூ" என்று கத்துவாராமே?

மெர்லின்20 · ஜனவரி 14, இரவு 8.50
எதிரி இடதுபக்கம் என்றால் "கார்க்ஸ்க்ரூ போர்ட், கோ". பைலட் உடனே இடதுபுறம் நன்றாகச் சாய்த்து ஆயிரம் அடி பாய்வார், சாய்வை வலதுக்கு மாற்றி மேலே ஏறுவார், மறுபடி இடது. 25 டன் விமானத்தை வைத்துக்கொண்டு. எதிரியை நோக்கித் திரும்புவதுதான் சூட்சுமம். அவருடைய குறி தப்பும். பார்த்தால் இது பலிக்கும். கீழிருந்து சுட்டவரைப் பார்க்கவில்லையே, அதுதான் டைசன் எண்களின் விடை.

இதைச் செய்ய முடியாத நேரமும் உண்டு. குண்டை விட்டபிறகு, அது கீழே போய் வெடிக்கும்வரை அரை நிமிடத்துக்கு மேல் அசையாமல் நேராகப் பறக்க வேண்டும், கேமரா இலக்கைப் படம் பிடிக்க. நீ எங்கே போட்டாய் என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. பீரங்கிக்கும் சர்ச்லைட்டுக்கும் நடுவில் அந்த அரை நிமிடம் ஒரு யுகம்.

ஆற்றங்கரையான் · ஜனவரி 15, காலை 10.30
எல்லாம் சரி. கீழே இருந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. ஹாம்பர்க்கில் 1943 ஜூலையில் ஒரே வாரத்தில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் எரிந்து செத்தார்கள். டிரெஸ்டனில் 25,000 வரை. தியாகம் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்தலாமா?

கூவம்கரை · ஜனவரி 15, மதியம் 2.10
கேள்வி நியாயம். நகரங்களையே குறிவைக்கும் உத்தரவு 1942 பிப்ரவரி 14-ல் வந்தது. அதை எழுதியவர்களுக்கு சராசரி வயது 22 இல்லை. பறந்தவர்களுக்கு அதுதான் வயது. பறக்க மறுத்தால் 'மனவுறுதி இல்லாதவர்' என்று கோப்பில் முத்திரை, சிறகுச்சின்னம் பறிப்பு, மட்டமான வேலைக்கு மாற்றம். பதினைந்து, இருபது பறப்பு முடித்து நரம்பு தளர்ந்தவருக்கும் அதே முத்திரை விழுந்திருக்கிறது. என் கருத்து: இரண்டு சாவையும் ஒரே தராசில் வைத்து ஒன்றால் மற்றதைக் கழிக்க முடியாது. இரண்டையும் தனித்தனியாக எழுதித்தான் ஆக வேண்டும்.

பிரிட்டனுக்கே இது தொண்டையில் சிக்கிய விஷயம். லண்டன் கிரீன் பார்க்கில் நினைவிடம் திறந்தது 2012 ஜூன் 28, போர் முடிந்து 67 வருடம் கழித்து. பதக்கத்தில் மாட்டும் தனி அடையாளப் பட்டை 2013-ல். அதற்குள் முக்கால்வாசிப் பேர் இல்லை.

ஆற்றங்கரையான் · ஜனவரி 15, மாலை 4.00
முழுசாக ஒப்பவில்லை. ஆனால் முத்திரை விஷயம் எனக்குப் புதுசு.

கூவம்கரை · ஜனவரி 17, இரவு 9.25
நம் ஊர்ப் பெயர் ஒன்று இதில் இருக்கிறது. 35-வது ஸ்குவாட்ரனின் முழுப்பெயர் 'மெட்ராஸ் பிரசிடென்சி'. போர்நிதி தந்த இடங்களின் பெயரை ஸ்குவாட்ரனுக்கு வைக்கும் வழக்கம். 102-வது 'சிலோன்', 97-வது 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்'. 35 ஒரு பாத்ஃபைண்டர் ஸ்குவாட்ரன், இங்கிலாந்தின் கிரேவ்லி தளத்திலிருந்து லங்காஸ்டர் ஓட்டியது. ஓடுபாதை ஓரமாகக் குழாயில் பெட்ரோலை எரித்து மூடுபனியைக் கலைக்கும் 'ஃபிடோ'வை நிஜப் பறப்பில் முதலில் பயன்படுத்தியது அவர்கள்தான், 1943 நவம்பர் 19.

இடதுவெளி · ஜனவரி 17, இரவு 9.50
அந்தத் தேதியில் ஹாலிஃபாக்ஸ். 35-க்கு லங்காஸ்டர் வந்தது 1944 மார்ச்சில். மற்றதெல்லாம் சரி. ஃபிடோ ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அடுத்த மாதமே பதில் வந்தது. டிசம்பர் 16-17 இரவு பெர்லின் பறப்பில் 25 லங்காஸ்டர் விழுந்தன; திரும்பி வந்தவை மூடுபனியில் இறங்க இடம் தெரியாமல் சுற்றி, பெட்ரோல் தீர்ந்து, ஏறத்தாழ இன்னும் 30 நொறுங்கின.

சீனன்குடா · ஜனவரி 18, காலை 6.45
சிலோன் பெயரைச் சொன்னபடியால் இதையும் சேர்க்கிறன். இலங்கையிலிருந்தே போன குண்டுவீச்சுக் குழுக்கள் உண்டு. 1942 ஏப்ரல் 9, திருகோணமலையை ஜப்பான் தாக்கின நாள். கொழும்புக் குதிரைப்பந்தயத் திடல்தான் அப்போது ஓடுபாதை. அங்கிருந்து எழும்பின 11-வது ஸ்குவாட்ரனின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் ஒன்பது ஜப்பானியக் கப்பற்படையைத் தேடிப் பிடிச்சன. 'அகாகி' விமானந்தாங்கிக்குப் பக்கத்திலேயே குண்டு விழுந்தது, கப்பலில் படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. மெர்லினுடைய சதவீதத்தில் போட்டால் 56.

பிறகு 1944 ஓகஸ்ட் 10, சீனன்குடா விமானத்தளத்திலிருந்து 54 அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைக்குப் போயின. போக வர ஏறக்குறைய 3,900 மைல். கடலில் இறங்கினது ஒன்றுதான்.

கணக்குவழக்கு · ஜனவரி 18, காலை 9.20
ஒன்பதில் ஐந்து! அதைப் பற்றித் தனி இழை போடுங்கள். எனக்கு இன்னொரு சின்ன சந்தேகம்: எட்டு மணி நேரப் பறப்பில் கழிப்பறை?

மெர்லின்20 · ஜனவரி 18, காலை 9.45
வால்பக்கம் 'எல்சன்' என்று ரசாயன வாளி ஒன்று. அந்தக் குளிரில் உலோக விளிம்பில் தோல் ஒட்டிக்கொள்ளும். கார்க்ஸ்க்ரூ போட்டால் வாளி கவிழும். அதனால் பெரும்பாலானோர் கிளம்புமுன் வெளியே வால்சக்கரத்திலேயே முடித்துவிடுவார்கள், ராசி என்று பெயர் சொல்லி. சக்கரம் அரித்துப்போகிறது என்று தரைப்பணியாளர்கள் புலம்புவார்கள்.

கணக்குவழக்கு · ஜனவரி 21, இரவு 10.40
கடைசியாக ஒன்று. 35-வது ஸ்குவாட்ரனின் ஒரு குறிப்பிட்ட இரவை எப்படித் தேடுவது?

இடதுவெளி · ஜனவரி 21, இரவு 11.15
லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகம், ஏர் 27 வரிசை. அதில் படிவம் 540 அன்றாடச் சுருக்கம், படிவம் 541-ல் விமானம் வாரியாக ஏழு பேர் பெயர், குண்டுச் சுமை, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம். தேதியைப் பார்க்கும்போது கவனம்: இரவுப் பறப்பு இரண்டு தேதியில் விழும், கிளம்பிய தேதியில் தேடுங்கள். திரும்பாத குழுவின் விமான எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.